மூன்று மூட்டைக்கும் ஒரு தராசு: காரைக்குடிப் பக்கத்து உழவர் நிறுவனமும் அதன் கடையும்

காரைக்குடிக்குத் தெற்கே, கண்மாய்ப் பாசனத்தை நம்பியிருக்கும் சில ஊர்களின் உழவர்கள் சேர்ந்து நடத்தும் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றின் கொள்முதல் நிலையத்தையும், அதன் சார்பில் நகருக்குள் இயங்கும் விற்பனைக் கடையையும் பற்றியது இந்த மதிப்பீடு. நான் அந்தக் கடையில் அரிசியும் எண்ணெயும் வாங்கும் வாடிக்கையாளன். என் சித்தப்பா அந்த நிலையத்தில் நெல்லும் கடலையும் போடும் உறுப்பினர். ஆகவே கல்லாவுக்கு இரு பக்கமும் நடப்பதைப் பார்க்க முடிந்தது. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உழவரிடம் சிறுகச் சிறுக வாங்கும் வேலையை இந்த நிறுவனம் மிக நன்றாகச் செய்கிறது. நகரவாசிகளுக்கு விற்கும் வேலையைச் சுமாராகச் செய்கிறது. எதைப் பயிரிட வேண்டும் என்று உழவருக்கு வழிகாட்டும் வேலையில் அது இறங்காமல் இருந்தால் நல்லது. குறைகளையும் எழுதப்போவதால் நிறுவனத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். இந்த வட்டாரத்தில் இதே வகை நிறுவனங்கள் வேறு சிலவும் இருப்பதால், படிப்பவர்கள் தங்கள் பக்கத்தில் உள்ளதை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த நிறுவனம் யாருக்காக இயங்குகிறது என்பது தெரியாமல் அதன் தரத்தை எடைபோட முடியாது. ஐப்பசி, கார்த்திகை மழை கண்மாயை நிரப்பினால் இங்கே ஒரு போகம் நெல். நிரப்பாவிட்டால் அதுவும் இல்லை. பெரும்பாலோர் புரட்டாசியில் புழுதியிலேயே விதைத்துவிட்டு மழையை எதிர்பார்த்திருந்து, தை, மாசியில் அறுக்கிறார்கள். 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஓர் உழவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், அதாவது இரண்டு ஏக்கருக்கும் குறைவு. இந்த ஊர்களிலோ அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் என்று துண்டு துண்டாகக் கிடப்பவையே மிகுதி. மழை ஒத்துழைத்த ஆண்டில் ஒரு ஏக்கரில் இருபது மூட்டைக்குச் சற்று மேல் கண்டால் அதை நல்ல வெள்ளாமை என்பார்கள். அதிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கும், விதைக்கும், ஊர்த் திருவிழாவுக்கும், அறுப்புக் கூலிக்கும் ஒதுக்கிய பிறகு கையில் நிற்பது ஐந்தாறு மூட்டை. ரேஷன் கடையில் 2011ஆம் ஆண்டு முதல் அரிசி விலையில்லாமல் கிடைத்தாலும், தன் வயலில் விளைந்ததை வீட்டில் வைத்திருக்காத உழவர் இந்தப் பக்கத்தில் அரிது. அடுத்த ஆண்டு மழை எப்படி இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாத சீமையில் அது வெறும் பழக்கம் மட்டும் இல்லை, காப்பீடும்கூட.

அந்த ஐந்தாறு மூட்டையை எங்கே விற்பது என்பதுதான் சிக்கல். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 2025-26 பருவத்தில் மாநில ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்குச் சன்ன ரகத்துக்கு 2,545 ரூபாய், பொது ரகத்துக்கு 2,500 ரூபாய். விலையில் இதை மிஞ்சத் தனியார் வியாபாரிகளால் பெரும்பாலும் இயலாது. ஆனால் அங்கே விற்பதற்குச் சிட்டா, அடங்கல் ஆகிய நில ஆவணங்கள் வேண்டும். இணையத்தில் பதிய வேண்டும். ஈரப்பதம் 17 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். வண்டி வைத்துக் கொண்டுபோக வேண்டும். ஐந்து மூட்டைக்கு வண்டி வாடகை கட்டுப்படியாகாது. நிலம் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் ஒருவர் பெயரில் இருக்க, எழுத்து இல்லாமல் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்கு கொடுத்து, உழும் குடிகள் செட்டிநாட்டில் ஏராளம். அவர்கள் அடங்கலுக்கு எங்கே போவது? எஞ்சுவது களத்துக்கே வந்து எடுத்துக்கொள்ளும் வியாபாரி. அவர் விதைப்பின்போது முன்பணம் கொடுத்தவராகவும் இருப்பார். ஆகவே விலையும் எடையும் அவர் சொல்வதே.

இந்த இடைவெளியில்தான் நிறுவனம் வேலை செய்கிறது. கொள்முதல் நிலையம் என்று சொல்லும் அளவுக்குப் பெரிய கட்டடம் எதுவும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை, முன்னால் சிமெண்டுக் களம், மின்னணுத் தராசு, ஈரப்பதமானி, சல்லடை, ரசீதுப் புத்தகம். ஒரு மூட்டை கொண்டுவந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள். மூட்டை நிறையாமல் மரக்கால் கணக்கில் தலைச்சுமையாகக் கொண்டுவரும் பெண்களையும் திருப்பி அனுப்புவதில்லை. தராசின் எண் உழவரைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது. சாக்கின் எடையைக் கண்மதிப்பாகத் தள்ளாமல், வெறுஞ்சாக்கைத் தனியே நிறுத்துக் கழிக்கிறார்கள். கருக்காய் மிகுந்திருந்தால் அங்கேயே தூற்றிக்கொள்ளலாம், பதரை அவர்களே மாட்டுக்கு எடுத்துப் போகலாம். ஈரப்பதம் 14 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் ‘கழிவு’ என்று எடையில் கை வைக்காமல், களத்தில் காயப்போட்டுவிட்டு மாலையில் நிறுக்கச் சொல்கிறார்கள். நெல்லைக் கிடங்கில் மாதக்கணக்கில் வைக்க வேண்டியிருப்பதால் அரசு நிலையத்தைவிட இவர்களுக்கு ஈரம் குறைவாகவே இருக்க வேண்டும். அந்தக் காரணத்தை எடைபோடும் பையன் ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் விளக்குவதை நான் கேட்டிருக்கிறேன். “அப்பத்தா, இந்த ஈரத்தோட உள்ளே வச்சா ஆடிக்குள்ள பூசணம் பிடிச்சிரும். வெயில்ல போட்டுட்டு டீயைக் குடிச்சிட்டு வாங்க. எடை குறைஞ்சாலும் கிலோவுக்கு விலை கூடும்.”

விலை என்று பார்த்தால் அரசு விலையை ஒட்டியோ, அதற்குச் சற்றுக் குறைவாகவோ இருக்கிறது. வியாபாரியின் விலையைவிடக் கூடுதல். பாரம்பரிய ரகங்களுக்குத் தனி விலை. பணத்தை மூன்று நாளுக்குள் வங்கிக் கணக்கில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார்கள். பெரும்பாலும் அப்படியே நடக்கிறது. தை, மாசி நெரிசலில் இரண்டு வாரம்வரை இழுத்ததும் உண்டு. இதை நான் பெரிய குறையாகவே கருதுகிறேன். இரண்டு வாரம் காத்திருக்க முடிந்தவருக்கு இந்த நிறுவனத்தின் உதவி அவ்வளவாகத் தேவைப்படாது. தேவைப்படுபவரால் காத்திருக்க முடியாது. நடுஇரவில் ஆஸ்பத்திரிச் செலவு என்று கதவைத் தட்டினால் ரொக்கத்தை எடுத்துக் கொடுப்பவர் வியாபாரி. நிறுவனம் கடன் கொடுப்பதில்லை. அதனால் உறுப்பினர்களில் பலர் பாதியை இங்கும் பாதியை அங்கும் போடுகிறார்கள். நிர்வாகிகள் இதைத் துரோகமாகப் பார்க்காமல் இருப்பது அவர்களுடைய முதிர்ச்சி.

நான் மிக உயர்வாக மதிக்கும் அம்சம் ஒரு படிவத்தில் இருக்கிறது. பருவத் தொடக்கத்தில் உறுப்பினரிடம் விவரம் எழுதி வாங்கும்போது, வீட்டுச் சாப்பாட்டுக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு, கூலியாக நெல்லாகவே கொடுப்பது எவ்வளவு என்று முதலில் கேட்கிறார்கள். இவற்றைக் கழித்த பிறகே ‘விற்கக்கூடியது’ என்ற கட்டத்தை நிரப்புகிறார்கள். அறுவடையில் பணத்தேவையால் ஒருவர் அந்த அளவுக்கு மேல் கொண்டுவந்தால், மறுப்பதில்லை என்றாலும், ஒரு முறை கேட்டுவிட்டு மிகுதியைக் கிடங்கில் வைப்பாக ஏற்றுக்கொள்கிறார்கள். மாதத்துக்கு மூட்டைக்குச் சிறு தொகை வாடகை. வீடுகளில் பத்தாயமும் குதிரும் மறைந்துவிட்ட காலத்தில் இது பெரிய வசதி. மாசியில் எல்லோரும் விற்கும்போது விலை இறங்குவதும், ஆடியில் அதே நெல்லை அரிசியாகக் கூடுதல் விலைக்கு அதே மக்கள் வாங்குவதும் இந்தப் பக்கத்து வழக்கம். வைப்பில் உள்ள நெல்லை வேண்டும்போது அரைத்து வாங்கிக்கொள்ளலாம். தவிடும் குருணையும் நெல்லுக்கு உரியவருக்கே. பொதுவான ஆலைகளில் அரவைக் கூலியோடு தவிடும் ஆலைக்காரருக்குப் போய்விடுவதை நினைத்தால், இரண்டு மாடும் பத்துக் கோழியும் வைத்திருக்கும் வீட்டுக்கு இதன் மதிப்பு புரியும்.

வெளியிலிருந்து வரும் திட்டங்கள் பலவற்றில், உழவரை ‘வணிக வேளாண்மைக்கு’ மாற்றுவது என்றால் வீட்டுக்கு விளைவிப்பதை விட்டுவிட்டுச் சந்தைக்கு விளைவிப்பது என்றே புரிந்துகொள்ளப்படுகிறது. இங்கே நடப்பது அப்படி இல்லை. வீட்டு நெல்லைத் தொடாமல், அதற்கு மேல் இருப்பதை நியாயமான விலைக்குப் பணமாக்குவதும், நெல்லைத் தவிர வேறு சிறு பொருள்களுக்கும் ஆண்டு முழுவதும் வாங்குபவரை ஏற்படுத்துவதும்தான் இவர்களின் தொழில். புஞ்சையில் விளையும் நிலக்கடலை, வேலியோரத்து முருங்கை, வரப்பில் ஊன்றிய உளுந்தும் தட்டைப்பயறும், கொல்லைப்புறத்து நாட்டுக்கோழி முட்டை என எல்லாவற்றையும் வாங்குகிறார்கள். காரைக்குடியிலும் சுற்றுவட்டாரத்திலும் சீப்புச் சீடையும் மனகோலமும் தேன்குழலும் செய்து வெளியூர்களுக்கும் வெளிநாடுகளுக்கும் அனுப்பும் பலகாரக் கடைகளுக்குப் பச்சரிசியும் உளுந்தும் ஓயாமல் தேவைப்படுகின்றன. கானாடுகாத்தான் பக்கம் பழைய வீடுகளில் நடக்கும் விடுதிகளுக்கும், ஆண்டு முழுவதும் கலியாணமும் சாந்தியும் நடக்கும் வீடுகளுக்குச் சமைக்கும் சமையல்காரர்களுக்கும் நாட்டுக்கோழியும் முட்டையும் வேண்டும். இவ்வளவு பெரிய சந்தை பத்துக் கல் தொலைவில் இருந்தும், சரக்கில் பெரும்பகுதி மதுரையிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஒரே வீட்டின் முப்பது முட்டையைப் பலகாரக் கடைக்காரரோ விடுதிக்காரரோ தேடி வரமாட்டார். நூறு வீட்டு முட்டையை ஒருவர் சேர்த்துக் கொடுத்தால் மாதக் கணக்கு வைத்துக்கொள்வார். நிறுவனம் செய்திருப்பது இவ்வளவுதான். ஆனாலும் முட்டைப் பணமும் முருங்கைப் பணமும் பெரும்பாலும் பெண்களின் கணக்கில் வாரந்தோறும் சேர்வதால், பள்ளிக்கூடக் கட்டணத்துக்காக வியாபாரியிடம் முன்பணம் வாங்குவது குறைந்திருப்பதாக எங்கள் சித்தி சொல்கிறார். முன்பணம் குறைந்தால் அறுவடையில் நெல்லை யாருக்கு விற்பது என்ற உரிமை தானாகத் திரும்புகிறது.

இனி நகரத்துக் கடை. இடம் நெருக்கமானது, வண்டி நிறுத்த வசதி இல்லை, விளக்கு மங்கல். ஆனால் சரக்கில் நேர்மை இருக்கிறது. புழுங்கல் அரிசியில் ஊறல் வாடை இல்லை, கல் இல்லை, பழைய அரிசி, புதிய அரிசி என்று தனித்தனியே சொல்லித் தருகிறார்கள். “கவுனி போன வருசத்துது இருக்கு, இந்த வருசத்துதும் இருக்கு ஆச்சி. பழசு வேக நேரமாகும், ஆனா உதிரியா நிக்கும்” என்று முன்னால் நின்றவரிடம் கடைப்பெண் சொன்னது விற்பனைப் பேச்சாகத் தோன்றவில்லை. கறுப்பரிசியான இந்தக் கவுனியைத் தீட்டாமல் தருகிறார்கள். அதன் நிறமெல்லாம் தவிட்டில்தான் இருப்பதால் அதுவே சரி. இரவு முழுவதும் ஊறவைத்து, நன்றாகக் குழையவிட்டு, சீனியும் தேங்காய்ப்பூவும் நெய்யும் சேர்த்தால் கலியாணப் பந்தியில் இலையின் முதல் இனிப்பாக வைக்கும் தகுதி அதற்கு உண்டு.

கடலை எண்ணெய் மரச்செக்கில் ஆட்டியது. இதில் படிப்பவர்களுக்குப் பயன்படும் ஒரு கணக்கைச் சொல்லலாம். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அன்றைய பருப்பு விலையை இரண்டரையால் பெருக்கி, பிண்ணாக்கின் விலையைக் கழித்து, ஆட்டுக்கூலியைச் சேர்த்தால் வரும் தொகைக்குக் கீழே யாராவது செக்கு எண்ணெய் விற்றால், அது எதனோடு கலந்தது என்று கேட்க வேண்டியிருக்கும். இந்தக் கடையின் விலை அந்தக் கணக்குக்குச் சற்று மேலே நிற்கிறது. நுரையில்லாமல் காய்கிறது, மணமும் இருக்கிறது. அடியில் கொஞ்சம் வண்டல் தங்குகிறது, வடிகட்டலை இன்னும் மேம்படுத்தலாம்.

குறைகள் பொட்டலத்தில் தொடங்குகின்றன. தீட்டாத அரிசியின் தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால் சில மாதங்களில் காறல் வாடை வந்துவிடும். ஆகவே எந்த மாதம் அரைத்தது என்பது வாங்குபவருக்கு முக்கியம். உறையில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண்ணும், நிகர எடையும், அதிகபட்ச விலையும் ஒழுங்காக அச்சிட்டிருக்கிறார்கள்; பொதியிட்ட மாதத்தை மட்டும் கையால் எழுதுகிறார்கள், அது இரண்டு தடவை கை பட்டால் அழிந்துவிடுகிறது. மழைக்காலத்தில் வாங்கிய வரகரிசியில் வண்டு இருந்தது. திருப்பிக் கொடுத்தபோது மறுபேச்சில்லாமல் மாற்றித் தந்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். பொட்டலமிட்டு முத்திரையிட்ட அரிசிக்கு 2022 ஜூலை முதல் ஐந்து விழுக்காடு சரக்கு சேவை வரி உண்டு, உதிரியாக நிறுத்துத் தருவதற்கு இல்லை. கடையில் உதிரி அரிசியும் வைத்திருக்கிறார்கள்; அதை யாரும் கேட்காமல் சொல்வதில்லை. பாத்திரமோ பையோ கொண்டுபோய்க் கேட்டு வாங்குபவர்களுக்கு இலாபம். புவிசார் குறியீடு பெற்ற செட்டிநாட்டுக் கொட்டான் என்னும் பனையோலைக் கூடையில் கவுனி அரிசியை வைத்துப் பரிசுப் பொருளாகவும் விற்கிறார்கள். கொட்டான் அழகு, உள்ளே அரிசி அரைக்கிலோதான், விலை சுற்றுலாப் பயணிகளுக்கானது.

சரக்கு தொடர்ந்து கிடைக்காதது இன்னொரு குறை. இந்த மாதம் இருக்கும் உளுந்து அடுத்த மாதம் இருக்காது. இதற்கு நான் மதிப்பெண் குறைக்க மாட்டேன். வீட்டுத்தேவை போக எஞ்சியதை வாங்கி விற்கும் கடையில் அலமாரி எப்போதும் நிறைந்திருந்தால், அது எங்கிருந்து வருகிறது என்ற கேள்விதான் எழ வேண்டும். என்ன இருக்கிறது, எப்போது வரும் என்று வாட்ஸ்அப்பில் வாரம் ஒரு முறை சொன்னால் வீண் நடை மிச்சமாகும். அந்த வசதியை அறிவித்துவிட்டுப் பின்னர் மறந்துவிட்டார்கள்.

நிறுவனம் சறுக்கியது கவுனியில். சில ஆண்டுகளுக்கு முன் கறுப்புக் கவுனிக்கு உடல்நலம் சார்ந்த மவுசு ஏறி, விலையும் ஏறியபோது, ‘இந்த ஆண்டு எல்லோரும் கவுனி போடுங்கள், முழுவதையும் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்’ என்று கூட்டம் போட்டுச் சொன்னார்கள். அந்த ஆண்டு மட்டும் படிவத்தில் வீட்டுத்தேவை பற்றிய கேள்வி பேருக்கு இருந்தது. பலர் வழக்கமான ரகத்தை விட்டுவிட்டு இருக்கும் நிலம் முழுவதிலும் கவுனியை விதைத்தார்கள். கவுனியின் வயது நூற்றைம்பது நாளை நெருங்குவது, விளைச்சலும் குறைவு. கண்மாய்த் தண்ணீர் தை பிறக்கும்போதே மடைக்குக் கீழே இறங்கிவிடும் ஊர்களில், கடைசி மூன்று வாரத்துத் தண்ணீர் கிடைக்கிறதா என்பதில்தான் அந்தப் பயிரின் தலைவிதி இருக்கிறது. மடையோரத்து வயல்கள் பிழைத்தன. மேட்டு வயல்கள் கருக்காயாகப் போயின. பிழைத்ததை நிறுவனம் வாக்குக் கொடுத்தபடி எடுத்துக்கொண்டது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குள் வேறு மாவட்டங்களிலும் எல்லோரும் கவுனி போட்டிருந்ததால் விலை இறங்கி, கிடங்கில் சரக்கு தேங்கி, அடுத்த பருவத்துக் கொள்முதலுக்குக் கையில் பணம் இல்லாமல் போயிற்று. மேலே சொன்ன இரண்டு வாரத் தாமதத்தின் வேர் அதில் இருக்கிறது. வீட்டுச் சாப்பாட்டுக்குப் புழுங்கல் நெல் இல்லாமல் ஆனவர்கள் வெளியில் அரிசி வாங்கினார்கள்.

ஒரே பயிர், ஒரே வாங்குபவர், முழு நிலம் என்ற ஏற்பாடு எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் செட்டிநாட்டுக்காரர்கள் பிறர் உதாரணம் தேட வேண்டியதில்லை. கீழ்ப் பர்மாவின் ஐராவதி ஆற்றுக் கழிமுகத்தில் காடு திருத்தி நெல் விளைவித்த குடியானவர்கள் ஏற்றுமதிக்காகவே விளைவித்தார்கள். அதற்குக் கடன் கொடுத்தவர்கள் நம் ஊர் வட்டிக்கடைக்காரர்கள். உலகப் பொருளாதார மந்தத்தில் 1930இல் நெல் விலை விழுந்தபோது கடனைத் திருப்ப வழியில்லாமல் நிலம் கைமாறியது. அங்குள்ள 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் ஏறத்தாழ 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் நில உடைமை, 1938க்குள் 25 விழுக்காடாயிற்று. நிலத்தை வேண்டும் என்று வாங்கியவர்கள் அல்லர் அவர்கள். பணத்துக்கு ஈடாக வந்து சேர்ந்தது. பின்னர் அதுவும் நிலைக்கவில்லை. நம் வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களை அண்ணாந்து பார்த்து வியப்பவர்கள், அந்த வயல்களில் வீட்டுக்கென்று நெல் ஒதுக்காமல் விளைவித்தவர்களையும் ஒரு நிமிடம் நினைக்கலாம். இந்த நிறுவனத்தின் அளவு அதற்கு முன் தூசு என்பது தெரியும். தர்க்கம் ஒன்றே என்பதால் சொல்கிறேன்.

நல்ல வேளையாக அடுத்த ஆண்டே படிவத்தின் கேள்வி பழைய இடத்துக்குத் திரும்பியது. இப்போது கவுனியைக் கால் பங்கு நிலத்துக்கு மேல் போட வேண்டாம் என்று அவர்களே சொல்கிறார்கள். மடையோர வயல் இல்லாதவர்களுக்கு விதையே கொடுப்பதில்லை. குறைந்த வயதும் கூடுதல் விளைச்சலும் உள்ள கறுப்பரிசி வேண்டும் என்பவர்கள் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ 57 ரகத்தையும் பரிசீலிக்கலாம். ஆனால் அதையும் கால் பங்குக்குள் வைப்பதே இந்த மண்ணுக்குப் பொருத்தம்.

ஏன் அப்படிச் சறுக்கினார்கள் என்பதற்கு நிர்வாகத்தின் அமைப்பைப் பார்க்க வேண்டும். 2002ஆம் ஆண்டு நிறுமச் சட்டத் திருத்தத்துக்குப் பின்னரே உழவர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து இத்தகைய நிறுவனத்தைத் தொடங்க முடிந்தது. 2020இல் மத்திய அரசு அறிவித்த பத்தாயிரம் உழவர் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில், சமவெளிப் பகுதியில் குறைந்தது 300 உறுப்பினர் சேர்ந்தால், மூன்று ஆண்டுகளுக்கு நிர்வாகச் செலவாக 18 லட்சம் ரூபாய்வரையும், உறுப்பினர் போடும் பங்குத்தொகைக்கு ஈடாகத் தலைக்கு 2,000 ரூபாய்வரை, மொத்தம் 15 லட்சத்துக்கு மிகாமலும் கிடைக்கிறது. மூன்று ஆண்டு என்பது சிக்கல். மழையை நம்பிய ஊரில் அதில் ஒரு ஆண்டாவது பொய்த்துப்போகும். உதவி நின்ற பிறகு மேலாளருக்கும் கணக்கருக்கும் சம்பளம் கொடுக்க நெல்லில் கிடைக்கும் சிறு இலாபம் போதாது. ஆகவே பெரிய இலாபம் தரும் ஒரு பொருளைப் பிடித்துக்கொள்ளும் ஆசை வருகிறது. இந்த நிறுவனத்திலும் உதவி நிற்கும் காலத்தை ஒட்டித்தான் கவுனிக் கூட்டம் நடந்தது. வேளாண்மைப் பட்டம் பெற்ற முதல் மேலாளர் நல்ல சம்பளம் கிடைத்ததும் போய்விட்டார்; இப்போது இருப்பவர் உறுப்பினர் ஒருவரின் மகள், வணிகவியல் படித்தவர், கணக்கில் கறார்.

ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தை ஒழுங்காக நடத்துகிறார்கள். வரவு செலவு அறிக்கையை ஆங்கிலத்தில் அச்சிட்டுக் கொடுத்துவிட்டுத் தமிழில் வாயால் சொல்வது மட்டும் மாற வேண்டும். வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துப் பார்க்கக்கூடியவர்கள் பலர் இருக்கிறார்கள். இயக்குநர்களில் பெண்கள் இருக்கிறார்கள். வாரத்துக்கு உழுபவர் ஒருவரும் இல்லை. நிலம் உள்ளவரையும் இல்லாதவரையும் தராசு ஒன்றாக நடத்தும் ஒரு நிறுவனத்தில் இது பொருந்தவில்லை. குன்றக்குடி அடிகளார் தம் ஊரில் கிராமத் திட்டத்தை முன்னெடுத்தபோது ஊர்மக்களைக் கூட்டி உட்கார்ந்து பேசுவதில் தொடங்கினார் என்பதையும், காரைக்குடியின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் போன்ற அறிவியல் நிறுவனங்களை ஊருக்குள் அழைத்துவந்தார் என்பதையும் இங்கே பெரியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அடுத்த பக்கத்திலேயே அப்படியொரு முன்மாதிரி இருக்க, நிலமில்லாத குடிகளைக் கூட்டத்தின் பின்வரிசையில் உட்கார வைப்பதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

வாங்குபவர்களுக்கு என் பரிந்துரை இது. தினசரிப் புழுங்கல் அரிசிக்கும் கடலை எண்ணெய்க்கும் தயங்காமல் போகலாம். சிறுதானியங்களை மழைக்காலத்தில் தவிர்க்கலாம். கவுனியைச் சிறிதளவாகவே வாங்கி மூன்று மாதத்துக்குள் முடித்துவிடுவது நல்லது. பொங்கலுக்குப் புதுப் பச்சரிசி வேண்டும் என்பவர்கள் மார்கழிக் கடைசியிலேயே சொல்லிவைக்க வேண்டும். அந்த நேரத்து அறுப்பு மிகக் குறைவு, பலகாரக் கடைகளின் ஆர்டர் முந்திக்கொள்ளும்.

உறுப்பினராகச் சேர நினைக்கும் உழவர்கள், அதிலும் வாரத்துக்கு உழுபவர்கள், பங்குத்தொகை கட்டிய அன்றே ரசீதோடு பங்குச் சான்றிதழ் எப்போது கிடைக்கும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சிலருக்கு அது வந்துசேர ஓராண்டு ஆனது. பருவப் படிவத்தில் வீட்டுத்தேவைக் கட்டத்தை நீங்களே நிரப்புங்கள், நிலையத்துப் பையன் எழுதட்டும் என்று விடாதீர்கள். நெல்லை வைப்பில் போடுபவர்கள் சாக்கின் மேல் பெயரையும் எடையையும் எழுதச் சொல்லி, கிடங்குப் பதிவேட்டில் அதே எண் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நிலையம் திறப்பதில்லை. தை, மாசியில் காலை ஒன்பது மணிக்குள் களத்துக்குப் போய்விட்டால், ஈரம் கூடுதலாக இருந்தாலும் அன்றைய வெயிலிலேயே காயவைத்து எடை போட்டுவிட்டுத் திரும்பலாம்.